கல்லு இருக்கு, சீட்டு எங்கே?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

இன்னைக்குக் கல்லைப் பத்திப் பேசப் போறோம். ராசிக்கல் இல்ல, நவரத்தினம் இல்ல, மோதிரத்துல வைக்கிற சமாச்சாரமே இல்ல. புளோரைட்னு ஒரு கனிமம். அதுலயும் பழசு. நூறு, நூத்தைம்பது வருஷத்துக்கு முன்னாடி ஏதோ ஒரு சுரங்கத்துல இருந்து வெளிய வந்து, யாரோ ஒருத்தரோட அலமாரியில உக்காந்து, கை மாறிக் கை மாறி இன்னைக்கு வரைக்கும் உடையாம வந்து சேர்ந்த துண்டுகள். இதைத் தேடிப் பிடிச்சுச் சேகரிக்கிறவங்க உலகம் முழுக்க இருக்காங்க. நான் காசு குடுத்து வாங்கி அடுக்குற ஆள் இல்ல. இதுக்குள்ள எப்படி வந்தேன்னு கொஞ்சம் பின்னாடி சொல்றேன். முதல்ல கல்லு.

ட்யூப்லைட்டை 'புளோரசன்ட் லைட்'னு சொல்றோம்ல, அந்த வார்த்தை இந்தக் கல்லுல இருந்துதான் வந்தது. 1852ல ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், சில பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கி, கண்ணுக்குத் தெரியிற ஒளியா திருப்பிக் குடுக்குதுன்னு எழுதினார். அதுக்கு ஒரு பேர் வேணும். புளோர்ஸ்பார் கல்லு அப்படி ஒளிரும்கிறதால, அதுல இருந்து 'புளோரசன்ஸ்'. எஞ்சினியரிங் படிச்சவங்களுக்கு நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடு ஞாபகம் இருக்கும். நாலாவது செமஸ்டர்ல நம்மளைப் படுத்தி எடுத்த அதே ஸ்டோக்ஸ்தான்.

கல்லோட பேருக்கே லத்தீன்ல 'ஓடுறது'ன்னு அர்த்தம். உலோகம் உருக்கும்போது இதைக் கொஞ்சம் போட்டா கசடு இளகி ஓடும். 1530லயே ஜெர்மனியில அக்ரிகோலாங்கிறவர் சுரங்கத் தொழிலைப் பத்தின புத்தகத்துல இதை எழுதியிருக்கார். உள்ள இருக்கிறது கால்சியமும் ஃப்ளோரினும், அவ்வளவுதான். ஆனா இயற்கையில இது கனசதுரமா வளரும். யாரோ அளவெடுத்து அறுத்த மாதிரி சதுரம். ஊதா, பச்சை, தேன் மஞ்சள், நீலம், சில நேரம் நிறமே இல்லாம கண்ணாடி மாதிரி. ஒரே கல்லுல உள்ளுக்குள்ள ஒரு ஊதாச் சதுரம், அதைச் சுத்தி மஞ்சள்னு அடுக்கு அடுக்கா இருக்கிறதும் உண்டு.

அழகு அவ்வளவு, ஆனா பலம் கிடையாது. மோஸ் கடினத்தன்மை அளவுல இதுக்கு 4. சாதாரணக் கத்தியால கீறலாம். நாலு திசையில வழுக்கிப் பிளக்கும். கீழ விழுந்தா மூலை போயிடும். குளிர்ந்த கல்லு மேல சுடுதண்ணி ஊத்தினா உள்ளயே விரிசல் விடும். அதனால பழைய புளோரைட் மூலை உடையாம இருக்குன்னாலே, நூறு வருஷமா யாரோ அதைக் கவனமா தொட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

சரி, ஏன் பழசுக்கு மதிப்பு? புதுசா தோண்டினா கிடைக்காதா?

கிடைக்கும். சீனாவுல இருந்து இன்னைக்கும் அருமையான கல்லு வருது. நம்ம நாட்டுலயும் இருக்கு. குஜராத்துல அம்பா டோங்கர்ல பெரிய அளவுல இருக்கு. மகாராஷ்டிராவுல நாசிக் பக்கம் மஹோதரியில சதுரமா இல்லாம, உருண்டை உருண்டையா, தேன் துளி உறைஞ்ச மாதிரி ஒண்ணு கிடைச்சுது, அதுக்கு உலக அளவுல ரசிகர்கள் இருக்காங்க. ஆனா ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு கைரேகை உண்டு. இங்கிலாந்தோட வடக்குல வியர்டேல்னு ஒரு பள்ளத்தாக்கு, அதுக்குப் பக்கத்துல ஆல்ஸ்டன் மூர். அங்க ரெண்டு சதுரம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து வளர்ந்த மாதிரி கல்லு வரும். ட்யூப்லைட்ல பச்சையா இருக்கும், வெயில்ல காட்டினா நீலமா மாறும். சாக்சனி கல்லு தேன் மஞ்சள். கார்ன்வால் வேற. அந்தச் சுரங்கங்கள் பெரும்பாலும் மூடியாச்சு. வியர்டேல்ல புகழ்பெற்ற போல்ட்ஸ்பர்ன் சுரங்கம் 1930களோட தொடக்கத்துலயே மூடிட்டாங்க. அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்தோட கடைசி புளோரைட் சுரங்கம் 1995ல மூடுச்சு. அங்க இருந்து வரவேண்டியது வந்தாச்சு. இனி கை மாறுறது மட்டும்தான்.

வந்ததுலயும் பெரும்பங்கு அரைபட்டுப் போச்சு. எஃகு ஆலைக்கு, அப்புறம் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்துக்கு. நான் உக்காந்து கோடு எழுதுறது கங்கைகொண்டான் ஐடி பார்க்ல. கூப்பிடு தூரம்னு சொல்ல மாட்டேன், ஆனா அதே சிப்காட் பகுதியிலதான் பெரிய சோலார் செல் தொழிற்சாலை வந்திருக்கு. பொதுவா சிலிக்கான் செல் செய்யிறப்ப மேல படிஞ்ச ஆக்சைடைக் கரைச்சு எடுக்க இந்த அமிலம் வேணும். அந்த அமிலத்துக்கு மூலம் இந்தக் கல்லு. ஜெர்மனியில எர்ன்ஸ்ட் அபே 1880கள்ல மைக்ராஸ்கோப் லென்ஸுக்கு சுவிஸ் மலையில கிடைச்ச தெளிவான புளோரைட்டைத் தேய்ச்சுப் போட்டார், அதுவும் கொஞ்ச நாள் வெளிய சொல்லாம ரகசியமா. ஆக, உபயோகம் ஜாஸ்தி. தப்பிச்சது கம்மி.

தப்பிச்சதுல கொஞ்சம், சுரங்கத் தொழிலாளிகளாலயே தப்பிச்சது. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். வியர்டேல்ல அவங்க வெட்டினது ஈயத்துக்காக. புளோரைட் குப்பை. ஆனா 19-ம் நூற்றாண்டுல அந்தத் தொழிலாளிகள் நல்ல படிகமா பார்த்து டிபன் டப்பாவுல போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்து, மரப்பெட்டிக்குள்ள அடுக்கி, கண்ணாடி வச்சு, மெழுகுவத்தி ஏத்தி, ஊருக்குக் காட்டுவாங்க. 'ஸ்பார் பாக்ஸ்'னு பேரு. போட்டியெல்லாம் நடக்கும். சில பெட்டிகள் கில்ஹோப் சுரங்க அருங்காட்சியகத்துல இன்னும் இருக்கு. நான் படம் பார்த்தப்ப எனக்குத் தோணினது ஒண்ணே ஒண்ணுதான்: கொலு.

இப்ப சீட்டுக்கு வர்றேன். பழைய கல்லு சேகரிக்கிறவங்ககிட்ட ஒரு துண்டைக் காட்டினா அவங்க முதல்ல கேக்குறது "லேபிள் இருக்கா?". ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு காகிதம். கல்லோட பேரு, எந்த ஊர், எந்தச் சுரங்கம், யார்கிட்ட இருந்து, என்ன நம்பர். கல்லு அதேதான். சீட்டு இருந்தா அது 1890ல குறிப்பிட்ட ஒரு சுரங்கத்தோட சாட்சி. சீட்டு இல்லேன்னா, அழகா இருக்கிற ஒரு கால்சியம் ஃப்ளூரைடு. விலை பாதிக்கும் கீழ போயிடும், அது பெரிய விஷயமில்ல. அந்தக் கல்லை வச்சு இனி யாரும் எதையும் நிரூபிக்க முடியாது, அதுதான் விஷயம். நம்ம பாஷையில சொன்னா ஃபாரின் கீ இல்லாத ரோ. டேட்டா இருக்கு, எதோடயும் ஜாயின் ஆகாது.

சரி, இதுல நான் எங்க வர்றேன்?

என் பெரியப்பா தென் மாவட்டத்துல ஒரு பழைய கல்லூரியில, பேரு வேண்டாம், ஜியாலஜி லேப் அட்டெண்டரா 34 வருஷம் இருந்தார். இப்ப 76 வயசு, கங்கைகொண்டான்லதான் இருக்கார், சிற்றாத்துக்குக் கொஞ்சம் தள்ளி வீடு. அவருக்கு ஜியாலஜி யாரும் சொல்லித் தரல. தட்டுத் தட்டா கல்லைத் தொடச்சு, பையன்களுக்கு எடுத்துக் குடுத்து, திரும்ப வாங்கி வச்சு, அப்படியே வந்த அறிவு. தொண்ணூறுகள்ல அந்த டிபார்ட்மெண்டைப் புதுக் கட்டடத்துக்கு மாத்தினப்ப, தட்டையெல்லாம் கவுத்து, கல்லைச் சாக்குல கட்டி, தட்டுல இருந்த சீட்டையெல்லாம் பெருக்கித் தள்ளிட்டாங்க. பெரியப்பா அன்னைக்கு இருந்த பேராசிரியர்கிட்ட கேட்டுக்கிட்டு, அந்தக் குப்பையில இருந்து பொறுக்கி ஒரு தகர பிஸ்கட் டப்பாவுல போட்டு வச்சார். அப்புறம் அந்தக் கோர்ஸையே மூடிட்டாங்க. கல்லு கல்லூரி ஸ்டோர் ரூம்ல நாலு சாக்கு. சீட்டு கங்கைகொண்டான்ல பரண் மேல ஒரு டப்பா. முப்பது வருஷம்.

வீடு வெள்ளையடிக்கிறப்ப அந்த டப்பா என் கையில வந்துச்சு. திறந்தா, சின்னச் சின்னக் காகிதம், பாதி ஜெர்மன். "ஏலே, அத ஒதறாத. வரிசை கலைஞ்சிரும்"னார்.

ஜெர்மன் ஏன்னு கேக்கலாம். அந்தக் காலத்துல கல்லூரி லேபுக்குக் கனிமம் வேணும்னா ஐரோப்பாவுல ஆர்டர் பண்ணணும். கிரான்ட்ஸ்னு ஒரு கம்பெனி, 1833ல ஆரம்பிச்சது, பான் நகரத்துல இருக்கு. உலகம் முழுக்கக் கல்லூரிகளுக்குக் கனிமம், பாறை, மரத்துல செஞ்ச படிக மாடல் எல்லாம் பெட்டி பெட்டியா அனுப்பினவங்க. லண்டன்ல கிரெகரின்னு இன்னொரு கம்பெனி, 1858ல இருந்து. நம்ம டப்பாவுல ரெண்டு பேரோட சீட்டும் இருந்துச்சு. புளோரைட் சீட்டு மட்டும் 14. அதுல மூணுல 'ஃப்ளுஸ்ஸ்பாத்'னு அச்சடிச்சிருக்கு, புளோரைட்டுக்குப் பழைய ஜெர்மன் பேரு. கடைசியில டி-க்கு அப்புறம் ஒரு எச். 1901ல ஜெர்மன் எழுத்துச் சீர்திருத்தம் வந்தப்ப இந்த மாதிரி எச் நிறைய வார்த்தைகள்ல இருந்து போயிடுச்சு. அப்ப இந்தச் சீட்டு அநேகமா அதுக்கு முன்னாடி அச்சானது. துதிக்கை வச்ச பழைய 'லை' எழுத்தைப் பார்த்தா 1978க்கு முன்னாடின்னு நாம சொல்ற மாதிரி. 'கம்பர்லண்ட்'னு எழுதியிருந்தா அதுக்கும் ஒரு கணக்கு உண்டு, 1974ல அந்தக் கவுண்டியைக் கும்பிரியாவோட சேர்த்துட்டாங்க. ஒரு எச்சும் ஒரு ஊர்ப் பேரும் தேதி சொல்லும்னு நான் அதுவரைக்கும் யோசிச்சதில்ல.

கல்லூரியில போய்க் கேட்டோம். இப்ப இருக்கிறவங்க நல்ல மனுஷங்க. சனிக்கிழமை சனிக்கிழமை வந்து உக்காந்து பாருங்க, கல்லு வெளிய போகக் கூடாதுன்னாங்க. நியாயம்தான். பழைய ஸ்டாக் ரிஜிஸ்டர் ரெண்டும் தேடிக் குடுத்தாங்க. ரூபா-அணா-பைசா கணக்குல, அழகான கையெழுத்துல, வரிசை நம்பரோட.

முதல் ரெண்டு சாக்குல புளோரைட் ஒன்பது இருந்துச்சு. கல்லு மேல ஒரு காலத்துல நம்பர் ஒட்டியிருந்திருக்காங்க. ஆனா பசைக்காக இராமபாணப் பூச்சி வந்து அந்தத் துண்டுக் காகிதத்தையெல்லாம் சாப்பிட்டாச்சு. ரெண்டு கல்லுல மட்டும் நம்பர் தப்பிச்சிருந்துச்சு. மத்த ஏழை எப்படிப் பொருத்துறது?

பெரியப்பாதான் வழி. அவருக்கு ஊர்ப் பேரு ஞாபகம் இல்ல, ஆனா இடம் ஞாபகம் இருக்கு. "இந்த மஞ்சக்கட்டி மூணாவது பீரோ, கீழ்த் தட்டு, எடது ஓரம். மூலை போயிருக்கும் பாரு, ஒரு பய பிராக்டிகல் அன்னைக்கிக் கீழ போட்டுட்டான்." திருப்பிப் பார்த்தா மூலை போயிருக்கு. தட்டுல கல்லு அடுக்கினது ரிஜிஸ்டர் வரிசைப்படி. அப்ப எடது ஓரம்னா அந்த அலமாரிக்கான முதல் என்ட்ரி. என்ட்ரியில இருக்கிற நம்பர் சீட்டுலயும் இருக்கு. சீட்டுல 'சாக்சனி'. கல்லு தேன் மஞ்சள். நாலும் ஒத்துப் போகுது. டேட்டாபேஸே இவர் தலைக்குள்ளதான் இருக்கு, ரிஜிஸ்டர் வெறும் இண்டெக்ஸ்.

நான் கொண்டு போனது ஒரு யூவி டார்ச். 365 நானோமீட்டர். ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திட்டு அடிச்சேன். சாக்சனி மஞ்சள் கல்லு கிட்டத்தட்ட எதுவுமே காட்டல. பக்கத்துல மங்கலா, அழுக்குப் பச்சையா கிடந்த ஒரு கட்டி, ரெண்டு சதுரம் புகுந்து வளர்ந்தது, அப்படியே நீல ஊதாவா எரிஞ்சுது. கரண்ட் குடுத்த மாதிரி. அந்த வட இங்கிலாந்துக் கல்லுல ஐரோப்பியம்னு ஒரு தனிமம் துளி கலந்திருக்கும், அதோட வேலை. பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "முப்பத்தி நாலு வருசம் தொடச்சிருக்கேன். இப்பிடிக் கெடந்து எரியும்னு ஒருத்தனும் சொல்லலையே"ன்னார்.

அந்தக் கல்லுக்கு 'ஆல்ஸ்டன் மூர், கம்பர்லண்ட்'னு ஒரு சீட்டு பொருந்துற மாதிரி இருக்கு. ஆனா இங்க ஒரு சிக்கல். அந்தக் கால வியாபாரிகள் பக்கத்துப் பள்ளத்தாக்கு வியர்டேல் கல்லுக்கும் இதே பேரைப் போட்டுதான் வித்தாங்க. ஆல்ஸ்டன் மூர்னா வாங்குறவனுக்குத் தெரிஞ்ச பேரு. அதுவும் இல்லாம, இந்தக் கல்லோட இடம் பெரியப்பாவுக்கு உறுதியா ஞாபகம் வரல. "நடுத்தட்டுன்னு நெனைக்கேன்"னார். அதனால என் ஷீட்ல ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு காலம் சேர்த்திருக்கேன்: உறுதி, அநேகமா, தெரியல. ஒன்பதுல அஞ்சு உறுதி, ரெண்டு அநேகமா, ரெண்டு தெரியல. இந்த எரியிற கல்லு 'அநேகமா'. எனக்கு ரொம்பப் பிடிச்ச கல்லு, மனசு 'உறுதி'ன்னு போடச் சொல்லுது. போடல.

ஏன் போடலைன்னு ஒரு கதை சொல்றேன். ஆர்தர் கிங்ஸ்பரின்னு ஒரு பிரிட்டிஷ் சேகரிப்பாளர், ஆக்ஸ்ஃபோர்ட்ல இருந்தவர், 1968ல இறந்தார். பிரிட்டன்ல இதுவரை கிடைக்காத கனிமமெல்லாம் நான் கண்டுபிடிச்சேன்னு கட்டுரை மேல கட்டுரை எழுதினவர். அவரோட சேகரிப்பு லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துக்கு வந்துச்சு. அப்புறம் அங்க இருக்கிறவங்க மறுபடி சோதிச்சப்ப, நிறைய கல்லு அவர் சொன்ன ஊர்ல கிடைக்கவே வாய்ப்பில்லாததுன்னு தெரிஞ்சுது. வேற நாட்டுப் பழைய கல்லை எடுத்து, பிரிட்டிஷ் ஊர்ப் பேரு எழுதி வச்சிருக்கார். 1998ல இது வெளிய வந்துச்சு. இதுல கொடுமை என்னன்னா, அவர் நிஜமாவே கண்டுபிடிச்சதும் நிறைய இருந்திருக்கும். ஆனா இப்ப அதையும் நம்ப முடியாது. பொய்ச் சீட்டு ஒட்டின கல்லோட சேர்ந்து நல்ல சீட்டும் செத்துப் போச்சு.

இது அங்க நடந்தது, நமக்கென்னன்னு நினைக்காதீங்க. டப்பாவுல இருந்த சீட்டை நான் நெட்ல ஒரு படம் போட்டேன், எழுத்தைப் படிக்க யாராவது உதவுவாங்களான்னு. உதவி வந்துச்சு. கூடவே ஒருத்தர்கிட்ட இருந்து மெசேஜ். கல்லு வேண்டாம், சீட்டு மட்டும் குடுங்க, ஒவ்வொண்ணுக்கும் இவ்வளவு தர்றேன். தொகை சொல்ல மாட்டேன், 14 சீட்டுக்கும் சேர்த்தா என் பைக்கோட ஆறு மாச இஎம்ஐ. முதல்ல புரியல, வெறும் காகிதத்தை வச்சு என்ன பண்ணுவார்? புரிஞ்சப்ப கொஞ்சம் குமட்டுச்சு. நேத்துத் தோண்டின ஊதாக் கல்லுக்குப் பக்கத்துல 1890 சீட்டை வச்சா அது 1890 கல்லு. உண்மையான காகிதம், உண்மையான அச்சு, பொய்யான ஜோடி. கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

பெரியப்பாகிட்ட சொன்னேன். அவர் பென்ஷன் காசுல மாத்திரை வாங்குற ஆளு, அந்தத் தொகை அவருக்குச் சின்னதில்ல. டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "நெலம் வேண்டாம், பத்திரம் மட்டும் தாங்கான். பத்திரத்த வாங்கி எவன் நெலத்துல வைக்கப் போறான் கேட்டியா?"ன்னார். அவ்வளவுதான். நான் அந்த மெசேஜுக்குப் பதில் போடல.

இன்னொரு பக்கமும் இருக்கு. நம்ம மண்ணுல இருந்து போன கல்லும் வெளிநாட்டு அலமாரியில சீட்டோட உக்காந்திருக்கு. மாணிக்கம், நீலம் ரெண்டுக்கும் மூலக் கனிமம் கொரண்டம். அந்த ஆங்கிலப் பேரே நம்ம 'குருந்தம்'தான். சார்ல்ஸ் கிரெவில்னு லண்டன்ல ஒரு சேகரிப்பாளர், 1798ல ராயல் சொசைட்டி இதழ்ல ஆசியாவுல இருந்து வந்த கொரண்டம் பத்தி நீளமா எழுதினார். அவர் இறந்த பிறகு 1810ல அந்தச் சேகரிப்பை பிரிட்டிஷ் மியூசியம் 13,727 பவுண்டுக்கு வாங்குச்சு. 1802ல பூர்னோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர், இந்தக் குருந்தத்தோட ஒட்டி வந்த வெள்ளைப் பாறையைப் பார்த்து 'இண்டியனைட்'னு பேரு வச்சார். எந்த ஊர்? 'கர்நாடிக்'. நமக்கு இன்னைக்கு கர்நாடிக்னா சங்கீதம். அவங்களுக்கு அது நெல்லூர்ப் பக்கத்துல இருந்து நம்ம திருநெல்வேலி வரைக்கும் நீண்ட பகுதி. அந்தச் சீட்டை வச்சுக்கிட்டு எங்கன்னு போய்த் தேடுறது? அது இன்னைய நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டின்னு பின்னால வந்தவங்கதான் பொருத்திப் பார்த்தாங்க. ஏ. பி. சுப்பிரமணியம் 1956ல அந்த இடத்தைப் பத்தி விரிவா எழுதின கட்டுரை இன்னும் பேசப்படுது. அதே சித்தம்பூண்டிப் பாறையைத்தான் இஸ்ரோ அரைச்சு, நிலா மண்ணு மாதிரி தயார் பண்ணி, சந்திரயானுக்காகச் சோதனை பண்ணினாங்க.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. லெஷ்னோன்னு ஒரு பிரெஞ்சுத் தாவரவியலாளர், 1816ல இருந்து 1822 வரைக்கும் பாண்டிச்சேரியை மையமா வச்சுச் சுத்தினவர். சேலம் பக்கம் கொஞ்சம் கல்லு எடுத்து, ஊர் எழுதி, பாரிஸுக்கு அனுப்பிட்டார். அது சும்மா கிடந்துச்சு. 1889ல லாக்ருவாங்கிற கனிமவியலாளர் அதை எடுத்து மைக்ராஸ்கோப்ல வச்சு, சேலத்துப் பாறைகளைப் பத்திப் பெரிய கட்டுரை எழுதினார். இந்தப் பக்கப் பாறைகளைப் பத்தின அடிப்படைக் கட்டுரைகள்ல அது ஒண்ணு. எடுத்தவர் செத்துப் பல வருஷம். அவர் எழுதின ஊர்ப் பேரு மட்டும் வேலை பார்த்துக்கிட்டு இருந்திருக்கு. சென்னை எழும்பூர் மியூசியமே 1851ல ஆரம்பிச்சப்ப கையில இருந்தது மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி குடுத்த 1,100 கல்லுதான். வெண்கலச் சிலையெல்லாம் அப்புறம்.

நிறைய பேர் கேப்பீங்க, அதனால கையாளுற முறையைச் சுருக்கமா சொல்லிடறேன். பழைய புளோரைட்டைச் சுடுதண்ணியில கழுவாதீங்க. சோப்பு வேண்டாம், மென்மையான பிரஷ் போதும். ஜன்னலோரத்துல வைக்காதீங்க, சில கல்லு நம்ம ஊர் வெயில்ல நிறம் வெளுக்கும். நம்பர் போடுறதுன்னா, கண்ணுல படாத ஒரு மூலையில மியூசியங்கள்ல பயன்படுத்துற பாராலாய்ட் பி-72 பசையை ஒரு பொட்டு வச்சு, காஞ்சதும் மேல வெள்ளைப் பெயிண்ட், அது மேல கறுப்பு இங்க்ல நம்பர். என்னைக்காவது வேண்டாம்னா அசிட்டோன்ல கரைஞ்சு வந்துடும். பழைய சீட்டை லேமினேட் பண்ணாதீங்க, செல்லோடேப் ஒட்டாதீங்க. தெளிவான பாலியஸ்டர் உறையில போட்டு வைங்க. புதுச் சீட்டு எழுதினா பழசைத் தூக்கிப் போடாதீங்க, அதோட சேர்த்து வைங்க. ஒரு கல்லுக்கு அஞ்சு சொந்தக்காரங்க சீட்டு இருந்தா சேகரிப்பாளர்களுக்கு அது கொண்டாட்டம்.

உங்க கல்லூரியில பழைய ஜியாலஜி டிபார்ட்மெண்ட் இருந்துச்சுன்னா, மூடியிருந்தாலும், ஒரு நடை போய்ப் பாருங்க. கல்லைத் தொடுறதுக்கு முன்னாடி தட்டை அப்படியே மேல இருந்து போட்டோ எடுங்க. அப்புறம் அங்க ரிட்டயர் ஆன அட்டெண்டர் யாராவது உயிரோட இருக்காங்களான்னு கேளுங்க. பேராசிரியரை அப்புறம் தேடலாம், முதல்ல அட்டெண்டர்.

எங்க கணக்கு இப்படி நிக்குது. 14 சீட்டுல ஏழுக்குக் கல்லு கிடைச்சாச்சு. ஏழுக்குக் கிடைக்கல. கல்லூரியில ஒரு பீரோ குடுத்திருக்காங்க, பூட்டோட. பெரியப்பா இந்த தீபாவளிக்கு அப்புறம் சில சமயம் ஒரே தட்டை ரெண்டு தடவை, ரெண்டு விதமா சொல்றார். அதனால இப்பெல்லாம் அவர் சொல்லச் சொல்ல ரெக்கார்ட் பண்றேன், தேதி போட்டு. இந்த மைக்லதான். ரெண்டு விதமா சொன்னா ரெண்டையும் ஷீட்ல ஏத்துறேன். சில வாரம் மூணு மணி நேரத்துல ஒரு கல்லு கூடத் தேறாது, டீ குடிச்சிட்டுத் திரும்பி வந்துடுவோம்.

மிச்சம் இருக்கிற சீட்டுல ஒண்ணு போஹீமியா. அந்தக் கல்லு பச்சை கலந்த ஊதா, உள்ளங்கை அகலம், அடியில வெள்ளைக் குவார்ட்ஸ் ஒட்டியிருக்கும்னு பெரியப்பா சொல்றார். இதை அவர் எத்தனை தடவை கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்றார். ரெண்டு சாக்குலயும் இல்ல. மூணாவது சாக்கு அடியில கிழிஞ்சிருக்கு, மேல ரெண்டு சாக்கு பாறை கிடக்கு, ரெண்டு ஆளா தூக்க முடியல. வர்ற சனிக்கிழமை காலையில ரெண்டு ஃபிரண்ட்ஸைக் கூட்டிட்டுப் போறேன்.